நாரி

பதினேழாம் நம்பர் துண்டு.
ஆஸ்பத்திரி வாங்கில் குந்த ஏலாமல்
சுவரோடு நிற்கிறேன்.

"என்ன தொழில்?"
"குதிரை."
மிஸ் பார்தலட் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறா.
"குதிரையா ஓடுறியோ, குதிரையில ஓடுறியோ?"
பின்னால் நின்ற மூதூர் மீன்காரர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
சிரித்த இடத்திலேயே
நாரி கொளுவிக்கொண்டது.

உப்புவெளியில் ஹோட்டல்காரரின்
இரண்டு குதிரைகள்.
என்னுடையதுக்குப் பெயர் லெமன்பஃப்.
சித்திரையில் தொடங்கினால் புரட்டாதி மட்டும்
வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றி, இறக்கி,
ஆட்கள் எழும்பமுன் தனியே ஓட்டிக் களைக்கவைத்து,
சேணத்தைக் கழற்றும்போது
என்னையும் யாராவது கழற்றிவிட்டால் என்ன என்றிருக்கும்.

கன்னியாவுக்கும் போனேன்.
ஏழு கிணறும் ஊற்றினேன்.
நோவு கரைந்துதான் போனது.
கடைசி வாளிக்குக் குனிய
கரைந்தது முழுக்கத் திரும்பி வந்தது.

"குதிரையை விடச் சொல்லப்போறியள்."
"ஏன் விடுவான்?
எல்லாத்தையும் முதுகின் தலையில போட்டிருக்கிறாய் வதனி,
வயிறு சும்மா இருந்து சாப்பிடுது.
அதையும் வேலைக்கு எடு."

கட்டிலில் நாலு காலில் நில் என்றா.
வலக்கையை முன்னுக்கு, இடக்காலைப் பின்னுக்கு.
மூச்சை விடாமல் பிடிக்கிறேன் என்று அதட்டினா.
நானூறு கிலோ மிருகத்தை
மோதிர விரலால் திருப்புகிறவள்
என் ஒற்றைக் காலைத் தாங்கமாட்டாமல்
எட்டு எண்ணமுன் விழுந்தேன்.

இப்போது விடிய நாலரைக்கு
பாய், நான், நுளம்புத்திரி.
வாசலில் புள்ளிமான் ஒன்று
குப்பைப் பையைக் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது:
நாலு காலில் நிற்க
இவ்வளவு பாடா?

ஒரு மாதம் போயிருக்கும்.
நிலாவெளிப் பக்கம் போகையில்
லெமன்பஃப் எப்போதும் கடலுக்குச் சரியும்,
தண்ணீர் ஆசை என்பேன்.
திரும்பி வருகையில் கரைக்குச் சரியும்,
கொட்டில் ஞாபகம் என்பேன்.
போகவும் வரவும் அது வலப்பக்கம்தான் என்பது
ஆறு வருஷமாக உறைக்கவில்லை.

இறங்கி அங்கவடிகளை அளந்தேன்.
வலது வார் இரண்டு ஓட்டை நீளம்.
நான் சாய்ந்த இடத்துக்கு
அதுவும் சாய்ந்து கொடுத்திருக்கிறது.

சேணத்துக்குக் கீழே
உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினேன்.
தோல் சிலிர்த்து முதுகு பதிந்தது.
அந்த இடத்தை எனக்குத் தெரியும்.

நோவு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.
ஓட்டோவில் நிலாவெளி றோட்டால் போனால்
ஒவ்வொரு கிடங்கும் பெயர் சொல்லிக் கூப்பிடும்.
ஆனால் பின்னேரங்களில்
லெமன்பஃப்பின் முன்னங்கால்களுக்கு நடுவில்
கரட்டை நீட்டி அதைக் குனியவைக்கிறேன்.
முதுகு வில்லாய் எழும்புகிறது.
மிஸ் பார்தலட்டின் குரலில் எண்ணுகிறேன்,
மூச்சு, மூச்சு, பிடிக்காதே,
ஐந்து, ஆறு, ஏழு.

எட்டில் கரட்டைப் பறித்துக்கொண்டு
நிமிர்ந்துவிட்டது.
பரவாயில்லை.
நானும் எட்டில்தான் விழுந்தேன்.