வெற்று மாதிரி

காலை ஆறரை. காலாங் படுகையில் படகு.
கைவிளக்கின் வட்டத்தில் அட்டைத் துண்டுகள் மிதக்கின்றன,
ஊறி, கரி அப்பி,
நேற்றிரவு பூவாக இருந்தவை.
நீர்நாய்க் குடும்பமொன்று முகர்ந்து பார்த்துவிட்டு
மீனைத் தேடிப் போகிறது.

அமிலத்தில் கழுவிய ஒன்பது புட்டிகள் என்னிடம்.
எட்டில் படுகைத் தண்ணீர்.
ஒன்பதாவதில் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த சுத்த நீர்;
திறந்து, காற்றுக்குக் காட்டி, மூடி,
அப்படியே திரும்ப எடுத்துப் போவேன்.
அதில் எதுவும் இருக்கக் கூடாது.
அது எங்கள் சாட்சி.

நேற்று கிராஃபோர்டு லேன், பதினோராம் மாடி நடைகூடம்.
பக்கத்து வீட்டு ரொஹானியா நாற்காலி போட்டுத் தந்தாள்.
போன வருஷம் அந்த நாற்காலியில் இளமாறன்.
இப்போது பெர்த்தில்.
முதல் வெடிக்கு அவள் "அலாமாக்" என்றாள்.
நான் "ஸ்ட்ரான்ஷியம்" என்றேன்.
பச்சைக்கு "பேரியம்."
"உன்னோடு வாணவேடிக்கை பார்ப்பது
பில்லைப் படித்துக்கொண்டே சாப்பிடுவது மாதிரி"
என்று சிரித்தாள்.

மஞ்சளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சள் சோடியம். அடுப்படி உப்பு.
அழைக்காத பந்தியில் முதல் இலையில் உட்காரும்.
சிட்டிகை கலந்தால் போதும்,
எந்த நிறத்தையும் தன் நிறமாக்கிவிடும்.

நீலம் வந்தபோது எழுந்து நின்றேன்.
செம்பும் குளோரினும் கைகோத்தால் நீலம்.
குளோரின் வருவது பிவிசி தூளிலிருந்து,
நம் குளியலறைக் குழாயின் பங்காளி.
சூடு குறைந்தால் ஒளிராது,
கூடினால் கை விட்டுப்போகும்,
அந்த இடுக்கில்
ஒரு நொடி, ஒன்றரை நொடி.
முதல் மூன்று வெளிறிப் போயின.
நான்காவது நின்றது:
துவைத்துத் துவைத்து நைந்த பள்ளிச் சீருடை நீலம்.
"இதற்குப் பெயர்?" என்றாள்.
சொல்ல மறந்துபோனேன்.

பிற்பகல், ஆய்வகம்.
மாதிரியைப் பனித்தூளாக்கி
ஆர்கான் தழலுக்குள் ஊதுகிறேன்.
இதற்கு முன்னால் வாணவெடியின் சூடெல்லாம் வெந்நீர்.
இங்கே எந்தக் கையும்
எந்தக் கையையும் பிடித்திருக்க முடியாது.
குளோரினை விட்டு,
தன் எலக்ட்ரானில் ஒன்றையும் விட்டு,
ஸ்ட்ரான்ஷியம் தனியாக நிற்கிறது.
நானூற்று ஏழே முக்கால் நானோமீட்டர்.
ஊதா.

ஊரே கைதட்டிய அந்தச் சிவப்பு
அதனுடையது மட்டும் இல்லை.
பேரியமும் அப்படித்தான், தனியே அது நீலம்.
செம்பு, கண்ணுக்கே எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

பதினாறு வருஷமாய் இந்த எண்கள் மனப்பாடம்.
இன்று கொஞ்ச நேரம்
திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கைப் படிவத்தில் உலோகங்களுக்கு வரிசை உண்டு.
குளோரினை இந்தக் கருவி பார்ப்பதில்லை.
சிவப்புக்குக் கட்டமே இல்லை.
எல்லாம் வரம்புக்குள்.
ஒரு மழை பெய்தால் இன்னும் குறையும்.
கையெழுத்துப் போட வந்த ஹுவீ மின்னின்
கோப்பி ஓ மேசையில் ஆறுகிறது.

"ஒன்பதில் சோடியம்" என்கிறாள்.

ஒன்றுமே இருக்கக் கூடாத தண்ணீர்.

கையுறை போட்டுத்தான் இருந்தேன்.
படகில் ஒரே ஒருமுறை கழற்றினேன்,
முகம் துடைக்க.
"வெயில்" என்கிறேன்.

காலை ஆறரைக்கு ஏது வெயில் என்று
அவள் கேட்கவில்லை.
புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்,
அதில் பார்க்க ஒன்றும் இல்லை.
நாளை மறுபடி எடுக்க வேண்டும்.