பத்தாயிரத்து எண்பது மில்லி

லோசானில் இரவு ஒன்றேகால்.
தொலைபேசி எழுப்பிக் கூட்டிவந்த அறையில்
நான்கு நாற்காலி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை,
ஜன்னலுக்குக் கீழே
ஏரி இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு.

வெவேயில் ஓர் உணவகம்.
ஃபோண்டு அடுப்பு அணைந்ததென்று நினைத்து
புவிராஜ் ஸ்பிரிட் ஊற்றியிருக்கிறார்.
அணையவில்லை.
விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத நீலம் அது.

டாக்டர் ஷப்வி தாளில் கணக்குப் போடுகிறார்:
நான்கு பெருக்கல் எழுபத்திரண்டு கிலோ
பெருக்கல் முப்பத்தைந்து.
“முப்பத்தைந்து எண்டால்?” வதனி கேட்கிறாள்.
விரல்களோடு சேர்த்த உள்ளங்கை
உடம்பில் நூற்றில் ஒரு பங்கு.
அவள் தன் கையை விரித்து
காற்றில் வைத்து வைத்து எண்ணத் தொடங்குகிறாள்.
“உங்கள் கை அல்ல,” என்கிறார். “அவருடைய கை.”
மொழிபெயர்த்தேன்.
கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நாளுக்குள் பத்தாயிரத்து எண்பது மில்லி.
பாதி, முதல் எட்டு மணி நேரத்தில்.
எட்டு மணி நேரம் இங்கே வந்ததிலிருந்து அல்ல,
தீப்பட்ட கணத்திலிருந்து.
ஆக, நாங்கள் வாய் திறக்குமுன்பே
மூன்றரை மணி செலவு.

வெந்த உடம்பு ஓட்டைப் பானையாம்
(பானை என்னுடையது, நான் எதையும் சேர்க்கக்கூடாது),
ஆனால் தனக்குள்ளேயே ஒழுகுகிற பானை.
நரம்பில் விட்டது சதையில் போய் நிற்கிறது.
குறைத்தால் சிறுநீரகம் காயும்.
கூட்டினால் நுரையீரல் நனையும்.
வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டியெடுத்து
சிறு பிளாஸ்டிக் பையில் பெயர் எழுதித் தந்திருக்கிறார்கள்,
பெயரில் ஓரெழுத்துப் பிழையோடு.

ஓர் ஆய்வு நடக்கிறது.
சிலருக்கு உப்புக் கரைசல் மட்டும்.
சிலருக்கு அதனோடு அல்புமின்,
இரத்தத்திலிருந்து பிரித்த புரதம், தேன் மஞ்சள்.
“ஆற்றை ரத்தம்?”
கன பேருடையது. ஒரு புட்டிக்குள் ஓர் ஊரே இருக்கும்.
நான் இருக்கமாட்டேன்;
பிறந்த இடத்தைக் கேட்டுவிட்டு
ஒருமுறை திருப்பியனுப்பினார்கள்.

யாருக்கு எது என்று கணினி எடுக்கும்.
அதற்கு பிரெஞ்சில் கழுவித் துடைத்த ஒரு சொல் உண்டு.
தமிழில் துழாவினேன்.
தற்செயல் என்றால் இன்னொரு விபத்து.
விதி என்றால் டாக்டர் எதற்கு?
குலுக்கல் என்றேன்.
வதனி நிமிர்ந்தாள். “சீட்டோ?”
சீட்டுத்தான்.
யாரும் கழிவு கூறி எடுக்கமுடியாத சீட்டு.

“எது நல்லது எண்டு கேளுங்கோ.”
கேட்டேன்.
ஷப்வி பேனாவை மூடினார்.
பதினொரு வருடத்தில் எத்தனையோ டாக்டர்கள்,
அந்தச் சொல்லை என் வாயில் ஒருவரும் வைத்ததில்லை.
“தெரியாது,” என்றேன்.
“அவருக்கோ, உங்களுக்கோ?”
“ஒருத்தருக்கும். அதுதான் ஆய்வு.”

கையெழுத்து உங்களுடையது, விருப்பம் அவருடையது;
விழித்திருந்தால் என்ன சொல்வார்?

சிரித்தாளா, மூச்சுத்தான் விட்டாளா.
“முதல், காசு எவ்வளவு எண்டு கேப்பார்.”
“பிறகு?”
“பிறகு ஓம். அவருக்கு எல்லாத்துக்கும் ஓம்தான்.
இண்டைக்கு லீவு.
வா எண்டாங்கள், ஓம் எண்டார்.”

இதையும் மொழிபெயர்க்கவேண்டும்.
அந்த ‘ஓம்’ மட்டும் பிரெஞ்சில்
மிகச் சின்னதாக விழுந்தது.

தாதி உள்ளே வந்து ஓர் எண் சொன்னாள்.
மணிக்கு முப்பத்தாறு மில்லி சிறுநீர் வரவேண்டும்;
வந்தது பத்தொன்பது.
பேனா அப்போதுதான் கைமாறியது.

கீழே வரவேற்பில் எனக்கொரு படிவம்.
மொழிபெயர்ப்பாளருக்கு நேரம்
அறைக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து.
ஒன்றேகால் என்று எழுதினேன்.