நத்தாருக்கு முந்தின செவ்வாய்

மூண்டு நாளாய்த் தாழமுக்கம்.
வலைப்பாட்டில ஒரு வள்ளமும் இறங்கேல்ல.
விறகெல்லாம் நனைஞ்சு போச்சு.
பனைமட்டையும் சிரட்டையும் போட்டு
ஊதி ஊதி,
எண்ணெய் காய முதல்
என்ர தொண்டை காய்ஞ்சுது.

கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில
பேர் எழுதி வைச்சிருக்கிறன்.
நாச்சிக்குடா பரீதாவுக்குப் பயத்தம்பணியாரம் பதினைஞ்சு,
பெருநாளுக்கு அவ தந்த வட்டிலப்பச் சட்டி
இன்னும் என்ர வீட்டிலதான் கிடக்கு,
வெறுஞ்சட்டியாய் எப்பிடிக் குடுக்கிறது.
பாக்கியசோதி வீட்டில ஆட்டைத் திவசம் முடியேல்ல,
இந்த வருசம் எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டினம்,
அதால அவைக்கு ரெட்டைப் பங்கு.
அச்சு இரவல் தந்த ஸ்ரெலாவுக்கு
அந்த அச்சில உடையாமல் கழண்ட முதல் பூ.
சுவாமிக்குச் சீனி வருத்தம்:
முறுக்கு, பத்து.

முன்பக்கத்திலயும் எழுத்து இருக்கு.
அது வேற கணக்கு.
கொம்பனி, தவணை, வட்டி, பிந்தினால் தண்டம்.
ஈரக் கையால பிரட்டிப் பிரட்டி
அந்தப் பக்கத்து மை
இந்தப் பக்கத்தில ஊறிப்போச்சு.

கொறற்றி சவுக்கங்கொப்பு ஒண்டை
வாளிக்குள்ள மண் போட்டு நட்டாள்.
பால்மாப் பைக்கற்றை உள்பக்கம் வெளியில வர வெட்டி
வெள்ளி வெள்ளியாய்த் தொங்கவிட்டாள்.
பிஞ்ச நண்டுவலையைச் சுத்தி
அவிச்ச நண்டோட்டை அதில கொழுவி,
"பெயின்ற் செலவில்லை அம்மா,
தன்ர பாட்டில சிவப்பு" எண்டாள்.
பூனை ரெண்டு தரம் மரத்தைச் சரிச்சுது.
பஞ்சு ஒட்டிப் பனி எண்டு சொல்ல
நான் விடேல்ல.
எங்கட பாலன் வாடைக்காத்தில பிறந்தவர்,
அவற்ற கூட்டுக்கு மேல
தறப்பாள்தான் கிடக்கு.

சிப்பிக்குப் புதுச் சீப்பு வேணும்.
கடையில ஒண்டு வாங்கி
ஒருத்தரும் தலையில வைக்கக்கூடாதெண்டு
மாப்பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சனான்.
உருண்டையைப் பல்லில வைச்சுப்
பெருவிரலால ஒரு இழுவை.
கடல் ஒண்டும் தராத கிழமையில
சட்டிக்குள்ள சிப்பி சிப்பியாய் மிதக்குது.

இனிப் பாணி.
முத்தினால் கல்லு, முத்தாட்டில் பிசின்.
அந்த இடையில, அந்த ஒரு கொதியில
படலையடியில மோட்டச்சைக்கிள் சத்தம்.

மயூரதன்.
கொம்பனிச் சேட்டுக்கு மேல மழைக்கோட்டு,
பொலித்தீனுக்குள்ள புத்தகம்.
"அக்கா, இண்டைக்குச் செவ்வாய்."
"தெரியும் தம்பி, பாணி முறியப்போகுது, நில்லும்."
நிண்டான்.
கூரை ஒழுகின இடம்
சரியாய் அடுப்புக்கு மேல.
ஒரு துளி விழுந்து சட்டி சீறினதைப் பாத்தவன்
மழைக்கோட்டைக் கழட்டி
ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சான்.
நான் கிண்டினன்.
கடன் வாங்கினவளும் வசூலிக்க வந்தவனும்
ஒரு சட்டியைப் பாத்தபடி,
கதை பேச்சில்லை.

பாணி சிப்பியில ஏறி வெள்ளையாய்ப் பூத்தாப்பிறகு
கையைத் துடைச்சுக் காசு எண்ணினன்.
முந்நூறு குறைவு.
"நிலுவை முந்நூறு" எண்டு
எழுதிக் கையெழுத்தும் வாங்கினான்.
நல்லது. எழுதாட்டில்
அவன்ர சம்பளத்தில வெட்டுவாங்கள்.

மைலோ டின் ஒண்டை எடுத்து
சிப்பி அள்ளிப் போட்டன்.
இண்டைக்கு முழுக்க எண்ணினவள்
இதை மட்டும் எண்ணேல்ல,
ஏனெண்டு எனக்கும் விளங்கேல்ல.
"நெளுக்குளத்துக்குப் போகேக்க அம்மாவிட்டைக் குடும்."
"அம்மா குவைத்தில அக்கா."
பிறகு மூடியைத் திறந்து
ஒண்டை வாயில போட்டான்.
அவ்வளவு மழைக்குள்ளயும்
கறுக்கெண்டது கேட்டுது.

சத்தம் ஒழுங்கை கடந்தாப்பிறகு
கொப்பியை எடுத்தன்.
கடைசிப் பக்கம், சுவாமிக்குக் கீழ:
மயூரதன்.
டின் ஒண்டு. மூடி கொஞ்சம் லூஸ்.
வரவேணும்.