ஆவணியில் நின்ற காலண்டர்

இருபத்து மூன்று லட்சம்.
அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று
சங்கத்து மேனேஜர் எழுதிக் கொடுத்த தாளை
மூன்றாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு
ஞாயிறுதோறும் குன்னூரைச் சுற்றுகிறோம்
நானும் செலஸ்டினும்.

ஊருக்குள் ஆகாது. முதல் வாரமே தெரிந்தது.
பூங்காவுக்கு மேலே ஒரு கேட்டில்
விலை விசாரித்தோம்.
வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்து
வாட்ச்மேன் பின்வாசலைக் காட்டினார்.

ஆகவே ஓரம்.
ஓரம் என்றால் மினி பஸ் திரும்பும் இடம்,
அதற்கும் கீழே நூற்றுப் பதினான்கு படி.
நான் எண்ணுவேன்.
கேஸ் சிலிண்டர் இறங்க வேண்டும்.
மாமனாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏற
ஒரு ராத்திரி வரும்,
அதற்கும் சேர்த்து எண்ணுவேன்.
செலஸ்டின் எண்ண மாட்டார். சுவரைத் தட்டுவார்,
பேக்கரியில் வர்க்கி வெந்ததா என்று தட்டுகிற அதே விரலால்.

"சேஃப்டியான ஏரியாக்கா"
என்பார் புரோக்கர் லிங்கராஜ், எங்கே போனாலும்.
திருட்டு இல்லை. குடித்துவிட்டுக் கத்துகிறவர் இல்லை.
காட்டெருமை?
வரும், பீன்ஸைத் தின்னும், போகும்.
கரடி?
"அது கோயிலுக்குத்தான்க்கா, விளக்கெண்ணெய் குடிக்க."

நான் கேட்பது வேறு.
ஐப்பசியில் மேலேயிருந்து இறங்கும் தண்ணீர்
எந்த வழியாகக் கீழே போகும்?
தடுப்புச் சுவரில் ஓட்டை விட்டார்களா,
அடைத்துப் பூசி அழகு பார்த்தார்களா?
அந்தச் சீகை மரங்கள் எல்லாம் ஏன்
ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன?

அப்போது லிங்கராஜுக்கு போன் வந்துவிடும்.

எட்டு வயதில் நாங்கள் இருந்த லைன் வீட்டில்
கடைசி அறை ஒரு கார்த்திகை இரவில் இல்லாமல் போனது.
சத்தம் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.
காலையில் கதவைத் திறந்தேன்,
வழக்கத்தைவிட
வெளிச்சம் அதிகமாக இருந்தது.

எல்லநள்ளியில் ஒரு வீடு, டைல்ஸில் முகம் தெரிந்தது.
காகிதம் மட்டும் இல்லை.
ஒரு கணக்கில் தேயிலை, இன்னொன்றில் ஓடை,
எந்தக் கணக்கிலும் வீடு இல்லை.
அருவங்காட்டுப் பக்கம் இன்னொன்று,
பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர்.
"டேங்க் பெருசுக்கா."

மாசி பிறந்து இரண்டாம் ஞாயிறு,
வண்டிச்சோலைக்குக் கீழே, நஞ்சியக்கா வீடு.
காரமடையில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம்,
முழங்காலுக்குப் படி ஆகவில்லை.
டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்.
சன்னலை ஒட்டி டீ ஃபேக்டரி காலண்டர்,
ஆவணியிலேயே நின்றிருந்தது.

மாசியில் ஏன் ஆவணி?
எழுந்து போய்த் தூக்கினேன்.

சன்னல் மூலையில் கிளம்பி மேலே போகிறது விரிசல்.
அதன் குறுக்கே, இடம்விட்டு இடம்விட்டு,
பென்சில் கோடுகள்.
பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள் நான்;
பிரிந்த துணிக்கு யாரோ
ஓட்டுத்தையல் போட்ட மாதிரி தெரிந்தது.
ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தேதி.

"மழை முடிஞ்சதும் நுனி எங்க இருக்குன்னு
கோடு போடுவேன்" என்றார் நஞ்சியக்கா.
"மேல பாரு."
மேலே, கடைசிக் கோட்டில்,
இடம் போதாமல் நெருக்கி எழுதிய
ஏழு தேதிகள். ஏழு வருஷம். ஒரே கோடு.
"மறைக்க நான் மாட்டலை. அவன் மாட்டினது."
லிங்கராஜ் டீயை ஊதிக்கொண்டிருந்தார்,
அது எப்போதோ ஆறியிருந்தது.

வெளியே போய்ப் பார்த்தேன்.
தடுப்புச் சுவரில் வரிசையாக ஓட்டைகள்,
ஒவ்வொன்றின் கீழும் பாசித் தடம்.
தண்ணீருக்கு வழி தெரிந்த வீடு.

இருபத்து நாலரை கேட்டார்.
செலஸ்டின் விரிசலைக் காட்டி ஒன்றரை குறைத்தார்.
"விரிசலைக் காட்டினதே நான்தானே" என்றவர்
கொஞ்ச நேரம் கழித்து, சரி என்றார்.

எனக்குக் கை துறுதுறுத்தது.
பையில் தையல் சாக்கட்டிதான் இருந்தது.
எட்டாவதாக இன்றைய தேதியை எழுதட்டுமா
என்று கேட்டேன்.

"பத்திரம் ஆகட்டும், எழுது.
அதுவரைக்கும் இது என் சுவர்"
என்று சொல்லி நஞ்சியக்கா
காலண்டரைக் கழற்றிச் சுருட்டி
லிங்கராஜ் கையில் கொடுத்தார்.