இருபது மில்லிநொடி

புயல் போய்ப் பதினொரு நாள்.
கூரையில் பன்னிரண்டு சோலார் பலகைகள்
ஒரு கீறலில்லை.
மேலே வெயில் கொளுத்த
கீழே ஃப்ரிட்ஜில் மீன் நாறுகிறது.

"கம்பியில் கரண்ட் செத்தால்
இந்தப் பழைய இன்வெர்ட்டரும் படுத்துவிடும்.
கம்பத்தில் ஏறுகிறவன் சாகக் கூடாதே"
என்கிறான் எலியூத்.
நியாயம்தான்.

உத்துவாதோ மலைச்சரிவில் நெரெய்தா,
இன்சுலின் புட்டியை ஓடைநீரில் கட்டிவைத்துக் காத்தவள்,
ரசீதின் முதுகில் எழுதுகிறாள்:
ஃப்ரிட்ஜ். கிணற்று மோட்டார்.
செகுந்தோவின் மூச்சுக்கருவி.

ஐந்து கிலோவாட்டா, எட்டா?
மோட்டார் கிளம்புகையில் மும்மடங்கு இழுக்குமாம்.
ஏசியை அடித்தாள்.
மின்னடுப்பை அடித்தாள்,
ஒருமுறை திருப்பி எழுதி, மறுபடி அடித்தாள்.
பிறகு யாரும் கேட்காமல்
ஆறு வருடமாய்ப் பேச்சுவார்த்தையற்ற
பக்கத்து வீட்டு ஒடாலிசின்
ஃப்ரிட்ஜையும் ஒரு விளக்கையும் சேர்த்தாள்.

எட்டு.

மாட்டிய அன்று எலியூத் மெயினை இறக்கினான்.
"பேட்டரிக்கு மாற இருபது மில்லிநொடி."
அடுப்புக் கடிகாரம் அணைந்தது.
உள்ளறையில் குழாய்வழி மூச்சு
தட்டாமல் தடுக்காமல் போய்வந்தது.
நெரெய்தாதான்
அடக்கிய மூச்சை விட மறந்து நின்றாள்.

"அந்த விளக்குக்கு எத்தனை மீட்டர் வயர்?"

"வேலிவரை அள.
அப்புறம் அவள் பாடு."