ஈரக் கழிவு

காங்கேயம், எங்கள் பள்ளி மைதானம்.
ஐஸ்குச்சிப் பாலங்கள், இருபத்திரண்டு அணிகள்.
பாலத்தின் நடுவில் வாளி தொங்கும்,
வாளியில் மக்கு மக்காக மணல் விழும்.
முறியும்வரை எண்ணுவது என் வேலை.

தராசு ஒன்று கேட்டிருந்தேன்.
"எதுக்குங் சார் தண்டச் செலவு?
எல்லாத்துக்கும் ஒரே மக்குத்தானே"
என்றார் ஒருங்கிணைப்பாளர் பொன்னுகுமார்.
சரிதான் என்று எனக்கும் பட்டது.
சின்ன நீல மக்கு.
'ஆசிரியர் கழிப்பறை' என்று எழுதியிருந்ததைச்
சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.

ஒவ்வொரு மக்கையும் அடிஸ்கேலால் வழித்தேன்.
ஒரு மணி கூடக் குறைய விழவில்லை.
இதைச் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும்,
ஏனென்றால் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள
என்னிடம் ஒன்றுமில்லை.

குலுக்கலில் மூன்றாவது, ஊதியூர் அரசுப் பள்ளி.
மதுநிஷாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும்.
நாற்பத்தொன்றாவது மக்கில் இடது கால் விண்டது.
மதியம்வரை அவர்கள்தான் முதலிடம்.

இரண்டு மணிக்குத் தூறல்.
மணல் மூட இருந்த தார்ப்பாய்
சிறப்பு விருந்தினர் மேடைக்குப் போயிருந்தது.
சித்த நேரம்தான் தூறியது.
மணலைப் புரட்டிப்போட்டு
பெயர்களைக் கூப்பிட்டோம்.

பத்தொன்பதாவது அணி, திருப்பூர்.
நேர்த்தியான வேலை, பொய்யில்லை.
நாற்பத்துநாலு.

கைதட்டலுக்கு நடுவே வந்து நின்றாள்.
"மணல் நனைஞ்சிருச்சுங்களே சார்."
எல்லாத்துக்கும் ஒரே மக்குத்தானே கண்ணு, என்றேன்.
வாக்கியம் தயாராக இருந்தது.
"எங்கப்பா வேலை செய்யற களத்துல
கொப்பரைக்கு ஈரம் பாத்துக் கழிச்சுட்டுத்தானுங்
எடை எழுதுவாங்க."
அப்படியே பார்த்தாலும்
நனைஞ்ச மணல் கனம்தானே,
நட்டம் அவங்களுக்குத்தானே, என்றேன்.
பதினெட்டு வருடம் இயற்பியல் நடத்தியவன்.
அவளிடம் பதில் இல்லை.
ஆனால் தலையாட்டவும் இல்லை.

மேல்முறையீட்டுக் கட்டணம் ஐநூறு, அரைமணிக்குள்.
ஊதியூர் பேருந்து நாலரைக்கு.

பந்தல் பிரித்த பிறகு
வாளியில் மிஞ்சிய மணலையும்
சாக்கில் மிஞ்சிய காய்ந்த மணலையும்
வேதியியல் ஆய்வகத்துக்குத் தூக்கிப்போனேன்.
காய்ந்தது ஒரு மக்கு, அறுநூற்று நாற்பது கிராம்.
ஈரமானது ஒரு மக்கு, ஐநூற்றுப் பத்து.

ஈர மணல் உப்பும்.
துகளைத் துகள் நெருங்கவிடாமல்
நடுவில் தண்ணீர் நிற்கும்.
கலவை போடும் எந்தக் கொத்தனாரும் சொல்வார்.
என்னைத் தவிர ஊரில் யாரும் சொல்வார்கள்.

ஊதியூர், இருபத்தாறு கிலோ இருநூற்று நாற்பது.
திருப்பூர், இருபத்திரண்டு நானூற்று நாற்பது.

பொன்னுகுமாருக்கு அடித்தேன்.
"கேடயம் கொடுத்தாச்சு, போட்டோ போயாச்சு.
அந்தப் பசங்க என்னங் சார் தப்புப் பண்ணுனாங்க?
அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்."
அந்தப் பையன்கள் தப்புச் செய்யவில்லை என்பது
அந்த இரவில் அவர் சொன்ன ஒரே உண்மை.
அதுதான் உறுத்தியது.

பதிவுப் படிவத்தில் எண் இருந்தது.
அப்பா எடுத்தார், அவளைக் கூப்பிட்டார்.
எல்லாம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.
மறுமுனையில்
யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
அழுவாள் என்று நினைத்தேன்,
கோபப்படுவாள் என்றும் நினைத்தேன்.
"எத்தனை தடவைங் சார் எடை போட்டீங்க?"
என்றாள்.

ஒரு தடவை.

விடிந்ததும் ஆய்வகம் திறந்தேன்.
மின்விசிறியை நிறுத்த மறந்திருக்கிறேன்.
இரவெல்லாம் காற்று வாங்கிய மணல்
ஐநூற்று நாற்பத்தைந்து காட்டியது.
மறுபடி போட்டேன், ஐநூற்று நாற்பத்தெட்டு.
இப்படிக் கணக்கிட்டாலும் ஊதியூர்தான்,
ஆனால் நேற்று அந்த மக்கில் எவ்வளவு இருந்தது
என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியாது.

மூன்று எண்களையும் பதிவேட்டில் எழுதினேன்.
நேரம் எழுதினேன்.
மின்விசிறி ஓடியதையும் எழுதினேன்.
கீழே என் கையெழுத்து.
ஊதியூருக்கு ஒரு படி, திருப்பூருக்கு ஒரு படி,
பொன்னுகுமாருக்கு ஒன்று.

நீல மக்கு மேசைமேல் இருக்கிறது.
இடைவேளைக்கு மணி அடித்துவிட்டது,
யாரோ அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.