பதினைந்தில் ஒரு நொடி

மாவுச் சட்டிக்கும் பச்சை மிளகாய்க்கும் நடுவே
ஃபிரிட்ஜில் எட்டு மாதம் கிடந்த ரோல்.
டப்பாவில் எண்ணூறு என்று போட்டிருக்கிறது.
ஆயிரத்து அறுநூறு என்று
கேமராவிடம் பொய் சொல்லி வைத்தேன்.
மிச்சத்தை லேபில் கழுவும்போது
பார்த்துக்கொள்ளலாம்.

காசிமேடு. விடியற்காலை மூன்றேகால்.
ஏலக் கொட்டகையில் நாலு ட்யூப் லைட்,
அதில் ஒன்று
எரிவதா அணைவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.
வெளியே கம்பத்தில் சோடியம் விளக்கு,
தொட்டதற்கெல்லாம் மஞ்சள்காமாலை.
இரண்டுக்கும் நடுவில் ஐஸ் உடைக்கும் மெஷின்.
அதன் வாயிலிருந்து கொட்டுவது மட்டும்
எந்த நிறத்துக்கும் பிடி கொடுக்கவில்லை.

மீட்டர் முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.
லென்ஸை முழுசாகத் திறந்தாயிற்று,
இதற்குமேல் திறக்க ஒன்றுமில்லை.
ஷட்டரைக் குறைத்துக் குறைத்துப்
பதினைந்தில் ஒரு நொடிக்கு வந்து சேர்ந்தேன்.
முழங்கை விலாவில், தோள் தூணில்,
பாதி மூச்சு வெளியே, பாதி உள்ளே.
மீன் தண்ணீர் செருப்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு செகண்டு, ஆடாம நில்லுங்க."

மூன்று விரலைக் காற்றில் உயர்த்தி
மூவாயிரத்து இருநூறு, மூவாயிரத்து இருநூறு என்று
கூவுகிற இடைவெளியில்
டெல்பினா சொன்னாள்:
"நான் நின்னா வெல நின்னுடும்பா.
நீ வேணா கூட ஓடியா."

ஃபிளாஷ் பையில்தான் இருந்தது.
அடித்திருந்தால்
கொட்டகை மொத்தமும் ஒரு கணம்
திருட்டில் பிடிபட்ட மாதிரி முழித்திருக்கும்.

ஒரு அமுக்குக்கு ஐம்பது ரூபாய்.
வரும்போதே கணக்குப் போட்டிருந்தேன்.
ஐம்பது ரூபாய்க்கு இங்கே ஒரு கூறு நெத்திலி வரும்,
வாய் இருந்தால் மேலே ஒரு கை.
எனக்கு வாய் கிடையாது.
முப்பத்தாறு கூறு இருட்டு வாங்கிக்கொண்டு
முதல் பஸ்ஸில் திரும்பினேன்.

ராயப்பேட்டையில் ஒரு மாடி லேப்.
நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து
உதட்டைப் பிதுக்கினான் ஜுபைர்.
"குருணை ரொம்பண்ணே, உப்புமாவே கிண்டலாம்.
மூஞ்செல்லாம் பச்சை. கரெக்ட் பண்ணிடவா?"
வேண்டாம் என்றேன்.
கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம்
நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது.
அந்த நிறத்தை நான் அங்கே பார்க்கவில்லை.
இருந்து நான் தவறவிட்டேனா,
இல்லை, காலாவதியான ரசாயனத்தின் கற்பனையா?
ஜுபைருக்கும் தெரியவில்லை.

இருபத்து மூன்றாவதை மட்டும் பிரிண்ட் போட்டு
பத்து நாள் கழித்து எடுத்துப்போனேன்.
ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.
"இன்னாப்பா, பாசி புடிச்ச மேரி கீறேன்."
விலை சொன்ன மூன்று விரலும் கலைந்து
ஒரு விசிறியாகியிருந்தன.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அவள் கையைப் பார்க்கவில்லை.
ஓரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம்,
நான் கவனிக்காத ஒரு கறை.
ஆரஞ்சில் தொடங்கிப் பச்சையில் முடியும் இழுப்பு,
தலை எங்கே கூடை எங்கே என்று பிரிக்க முடியாது.
அதை நகத்தால் தொட்டாள்.
"இது நம்ம லாசர்ல?
கூடய ஏத்தசொல்லோ எடது தோள
இப்டிதான் சாச்சிக்குவான்."

மறுபடி பார்த்தேன்.
எனக்கு அது கறையாகவே இருந்தது.

"தம்பி. மங்களூர் போட்டுக்குப் போய்க்கினான் போன வாரம்.
போட்டோன்னா மூஞ்சிய மூடிக்குவான், கயித.
இன்னொண்ணு போட்டுக் குடு. பெருசா."

பெரிதாக்கினால் குருணை இன்னும் தெரியும் என்றேன்.

"தெரியட்டுமே" என்று
யாரோ கேட்ட சங்கராவுக்கு விலை சொல்லத் திரும்பிவிட்டாள்.

காலை ஒன்பது மணி.
ஐஸில், செதிலில், அவள் மூக்குத்தியில்
அள்ள அள்ள வெளிச்சம்.
நான் கேமரா கொண்டுவரவில்லை.